அரசுப் பள்ளிக்கு ஊர் என்ன செய்யலாம்? பள்ளி மேலாண்மைக் குழுவை இயங்கவைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கல்விச் சீர் இன்று தமிழ்நாட்டில் பலருக்கும் தெரிந்த ஒரு நிகழ்வு. மேளதாளத்தோடு ஊரே தாம்பாளம் ஏந்தி வரும். நோட்டு, பேனா, நாற்காலி, மின்விசிறி, பீரோ, தவறாமல் ஒரு சுவர்க் கடிகாரம். பார்க்க நன்றாக இருக்கிறது, ஆசிரியர்களுக்கும் மனசு நிறைகிறது. ஆனால் ஐந்து வகுப்பையும் இரண்டே ஆசிரியர்கள் பார்த்துக்கொள்ளும் பள்ளிக்கு ஏழாவது சுவர்க் கடிகாரம் எதற்கு? அந்தப் பள்ளிக்கு வேண்டியது மூன்றாவது ஆசிரியர். அவரைச் சீராகக் கொண்டுபோய் வைக்க முடியாது, கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஊர்ப் பொதுமக்கள் பள்ளியைத் தாங்குவது நமக்குப் புதிதில்லை. 1950களின் பிற்பகுதியில், காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்று ஊர் ஊராக நடந்தன. மக்கள் நிலம் கொடுத்தார்கள், கட்டடம் கட்டிக் கொடுத்தார்கள், மதிய உணவுக்கு அரிசி கொடுத்தார்கள். அன்று அரசின் கையில் பணம் குறைவு, மக்கள் உரிமையோடு கேட்பதற்குச் சட்டமும் இல்லை. இன்று சட்டம் இருக்கிறது. குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 21ஆம் பிரிவு ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பெற்றோரைப் பெரும்பான்மையாகக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் குழுவைப் பயன்படுத்துவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. அரசு தர வேண்டியதைக் கேட்டு வாங்குவது முதல் வேலை, அரசு தராததை ஊர் கொடுப்பது இரண்டாவது வேலை. நம்மில் பலர் இந்த வரிசையை மாற்றிவிடுகிறோம்.

முதலில்: இது யாருடைய பள்ளி?

"கவர்மென்ட் ஸ்கூல்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். வாசலில் உள்ள பெயர்ப் பலகையை நிதானமாகப் படியுங்கள். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியா, நடுநிலைப் பள்ளியா, அரசு உயர்நிலைப் பள்ளியா, நகராட்சி அல்லது மாநகராட்சிப் பள்ளியா, ஆதிதிராவிடர் நலப் பள்ளியா? மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் என்றால் கள்ளர் சீரமைப்புப் பள்ளியா? மனு எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பதை இந்தப் பெயர்தான் முடிவு செய்கிறது.

ஊராட்சி ஒன்றியப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர், பாடம், வகுப்பு எல்லாம் பள்ளிக்கல்வித் துறையின் பொறுப்பு. முதல் படியில் வட்டாரக் கல்வி அலுவலர், அவருக்கு மேல் தொடக்கக் கல்விக்கான மாவட்டக் கல்வி அலுவலர், மாவட்ட அளவில் முதன்மைக் கல்வி அலுவலர். ஆனால் ஒழுகும் கூரை, சுற்றுச்சுவர், கழிப்பறை போன்றவை ஊரக வளர்ச்சித் துறையின் பக்கம் வரும். அங்கே வட்டார வளர்ச்சி அலுவலர்தான் ஆள். தண்ணீர் இணைப்பும் தெருவிளக்கும் ஊராட்சி மன்றம். கூரைக்காகக் கல்வி அலுவலகத்துக்கு ஆண்டுக்கணக்கில் நடந்துவிட்டு, "கிணற்றில் போட்ட கல்" என்று நொந்துகொள்ளும் ஊர்கள் உண்டு. மனு போய்ச் சேர்ந்த இடமே தவறு.

அரசு உதவி பெறும் பள்ளி என்றால் ஒரு வேறுபாடு உண்டு. 2012இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அங்கே மேலாண்மைக் குழு ஆலோசனை சொல்லும் குழு மட்டுமே. நிர்வாகம் அதன் கையில் இல்லை.

குழுவில் யார், எப்படி?

சட்டம் சொல்வது: உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் அல்லது பாதுகாவலர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். மீதிக் கால் பங்கில் உள்ளாட்சிப் பிரதிநிதிகள், ஆசிரியர், கல்வியில் அக்கறை உள்ளவர்கள். தமிழ்நாட்டில் 2022இல் எல்லா அரசுப் பள்ளிகளிலும் பெற்றோரைக் கூட்டி 20 பேர் கொண்ட குழுக்கள் அமைக்கப்பட்டன. 2024 மறுகட்டமைப்பில் அது 24 ஆனது, முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது. ஆயுள் இரண்டு ஆண்டு. தலைவர் பெற்றோர்களில் ஒருவர். தலைமை ஆசிரியர் கூட்டத்தைக் கூட்டி நடத்துபவரே தவிர, குழுவின் தலைவர் அல்லர்.

பெற்றோர் ஆசிரியர் கழகத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது நீண்ட காலமாக இருந்துவரும் சங்கம், சந்தா உண்டு, வசதி படைத்தவர்கள் தலைவராக வருவது வழக்கம். மேலாண்மைக் குழு சட்டத்தால் உருவானது. பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தால் போதும், கூலி வேலைக்குப் போகும் அம்மாவும் தலைவராகலாம்.

காகிதத்தில் இப்படி. நடப்பில் என்ன நடக்கிறது? மறுகட்டமைப்பு நாள் தெரியாமல் பெற்றோர் வேலைக்குப் போய்விடுவார்கள். வந்த பத்துப் பேரை வைத்துப் பட்டியல் எழுதப்படும். தலைவர் இடத்தில் ஒரு பெண்ணின் பெயர் இருக்கும், கூட்டத்தில் அவர் கணவர் உட்கார்ந்திருப்பார். காலனிப் பிள்ளைகள் பாதிக்கு மேல் இருக்கும் பள்ளியில் ஊர்த்தெருக்காரர்களே குழுவை நிரப்பியிருப்பார்கள். இந்த மூன்றையும் சரிசெய்யாமல் மற்ற எதையும் சரிசெய்ய முடியாது.

அதனால் தேர்வு நாளுக்கு ஒரு வாரம் முன்பே தெருத்தெருவாகச் சொல்லுங்கள். நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலும் மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்திலும் சொன்னால் அதிகம் பேருக்குப் போய்ச் சேரும். பேசத் தெரிந்தவரைத் தேடாதீர்கள், தொடர்ந்து வரக்கூடியவரைத் தேடுங்கள். மாற்றுத்திறன் கொண்ட குழந்தையின் பெற்றோர் ஒருவராவது உள்ளே இருக்கட்டும். சாய்தளம் இல்லாத பள்ளியின் வலி அவருக்குத்தான் தெரியும். கணவர் கூட்டத்துக்கு வந்தால் மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிடலாம்: "அண்ணே, அக்காவைத்தான் தேர்ந்தெடுத்திருக்கோம், அவங்களை அனுப்பி வைங்க." முதல் தடவை முகம் சுளிப்பார். இரண்டாம் தடவை அக்கா வருவார்.

பள்ளியின் கணக்கைக் கையில் எடுங்கள்

குழு அமைந்ததும் செய்ய வேண்டியது ஒரு சுற்று நடை. நோட்டுப் புத்தகத்தோடு பள்ளி முழுவதும் நடந்து, பார்த்ததை எழுதுங்கள். எதோடு ஒப்பிடுவது? கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே அளவுகோல். ஓர் ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை, தலைமை ஆசிரியருக்கு ஓர் அறை, ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், சமையற்கூடம், விளையாட்டு மைதானம், சுற்றுச்சுவர் அல்லது வேலி, நாளிதழும் புத்தகமும் உள்ள நூலகம். தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், ஆறு முதல் எட்டு வரை 220.

ஆசிரியர் எண்ணிக்கைக்கும் கணக்கு இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை, 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு, 121 முதல் 200 வரை ஐந்து. 150ஐத் தாண்டினால் அதோடு தனியாக ஒரு தலைமை ஆசிரியர். ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர். அதோடு அறிவியல்–கணிதத்துக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிப்பாடத்துக்கு ஒருவர் கட்டாயம்.

இதில் பெற்றோர் கவனிக்க வேண்டிய தேதி ஆகஸ்ட் 1. தமிழ்நாட்டில் ஆசிரியர் பணியிட நிர்ணயம் அந்தத் தேதியின் மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் நடக்கிறது. உங்கள் பள்ளியில் 58 பிள்ளைகள் இருக்கிறார்கள், மூன்று பேர் பக்கத்து ஊரின் தனியார் பள்ளி வேனில் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று பேர் வந்தால் 61. மூன்றாவது ஆசிரியருக்கான உரிமை அங்கே பிறக்கிறது. சேர்க்கைப் பிரச்சாரம் என்று பதாகை பிடித்து ஊர்வலம் போவதைவிட, இந்தக் கணக்கோடு அந்த மூன்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது பலன் தரும்.

பேசும்போது ஒழுக்க போதனை வேண்டாம். "நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தை நாமே கைவிடலாமா" என்றால் கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் தாய்க்குக் கோபம்தான் வரும். அவர் கேட்பது பிள்ளையின் எதிர்காலம். அதையே பேசுங்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதல் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளை கல்லூரி சென்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், ஆண்பிள்ளைக்குத் தமிழ்ப் புதல்வன். கூடவே பள்ளியில் இன்னும் சரியாகாதது என்ன, அதற்குக் குழு என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். குறையை நீங்களே சொன்னால்தான் நிறையை நம்புவார்கள்.

அரசின் கணக்கில் உங்கள் பள்ளி எப்படி இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யூடைஸ் எண் உண்டு. அந்த எண்ணைக் கொண்டு, பள்ளிகளின் விவரங்களை அரசு தொகுத்து வைக்கும் யூடைஸ் பிளஸ் தளத்தில் பள்ளியின் விவர அட்டையைப் பார்க்கலாம். பூட்டிக்கிடக்கும் கழிப்பறை அங்கே "பயன்பாட்டில் உள்ளது" என்று இருந்தால், புதிய கழிப்பறை ஒதுக்கீடு உங்கள் ஊருக்கு வராது. அதிகாரி வஞ்சகம் செய்தார் என்று அர்த்தமில்லை, அவர் கையில் இருக்கும் பட்டியலில் உங்களுக்குக் குறையே இல்லை. முதலில் அந்தப் பதிவைத் திருத்தச் சொல்லித் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள்.

கூட்டமும் தீர்மானமும்

குழு மாதம் ஒருமுறை கூட வேண்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடக்கிறது. வருகையும் தீர்மானமும் பெற்றோர் செயலியில் பதிவாகின்றன. பதிவேட்டைச் சுற்றி அனுப்பிக் கையெழுத்து வாங்கிக் கலைந்துவிடுவது பல இடங்களில் பழக்கமாகிவிட்டது. எழுதாத பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர் இருந்தால் தீர்மானத்தை உரக்க வாசித்த பிறகே கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும்.

முதல் பத்து நிமிடம் போன மாதத் தீர்மானங்கள் என்ன ஆயின என்பதற்கு. பிறகு புதிய பொருள், ஒரு கூட்டத்தில் இரண்டு அல்லது மூன்று போதும். பன்னிரண்டு கோரிக்கை எழுதினால் பன்னிரண்டும் நகராது.

தீர்மானத்தின் மொழிக்கு வருவோம். என் கருத்தில் குழுவின் பலம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. "கழிப்பறை சரியில்லை, நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று எழுதினால் அது புலம்பல். இப்படி எழுதிப் பாருங்கள்:

"எம் பள்ளியில் 84 மாணவர்கள் பயில்கின்றனர், அவர்களில் 41 பேர் மாணவிகள். மாணவியர் கழிப்பறை இரண்டில் ஒன்றுக்குத் தண்ணீர் இணைப்பு இல்லை, மற்றதற்குக் கதவு இல்லை. கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி இது குறைபாடாகும். தண்ணீர் இணைப்பை ஊராட்சியும், கதவு மற்றும் பழுதுபார்ப்பை வட்டார வளர்ச்சி அலுவலரும் செய்து தரக் கேட்டுக்கொள்வது என்றும், மனுவை நேரில் அளிக்க உறுப்பினர் இருவரை அனுப்புவது என்றும், அடுத்த கூட்டத்தில் அவர்கள் விவரம் தெரிவிப்பது என்றும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது."

எண்ணிக்கை, குறை, சட்ட ஆதாரம், யார் செய்ய வேண்டும், யார் தொடர வேண்டும், எப்போது பதில். அலுவலகத்தில் இதை வாங்குபவர் கோப்பில் போட்டுத்தான் ஆக வேண்டும். நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

பள்ளி வளர்ச்சித் திட்டம்

சட்டத்தின் 22ஆம் பிரிவு குழுவுக்கு ஒரு வேலை கொடுக்கிறது: பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது. மூன்று ஆண்டுக்கான திட்டம், ஆண்டுவாரியாகப் பிரித்து. அரசு தரும் மானியத்துக்கு இந்தத் திட்டமே அடிப்படை என்கிறது அதே பிரிவு. வகுப்புவாரியாகச் சேர்க்கை எப்படிப் போகும், எத்தனை ஆசிரியர் கூடுதலாக வேண்டும், என்ன கட்டடம், எவ்வளவு செலவு என்று எழுத வேண்டும்.

நடைமுறையில் கணினியில் யாரோ நிரப்பி முடித்துவிடுகிறார்கள். விடாதீர்கள். நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது, திட்டம் அதற்கு மூன்று மாதம் முன்பே தயாராக வேண்டும். அதனால் நவம்பர், டிசம்பர் கூட்டங்களை இதற்கென்றே ஒதுக்குங்கள். பிள்ளைகளிடமும் கேளுங்கள். பெரியவர்கள் நுழைவாயில் வளைவு கேட்பார்கள், ஐந்தாம் வகுப்புப் பெண் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கேட்பாள். திட்டத்தில் முதலில் வர வேண்டியது தாழ்ப்பாள்.

கிராம சபைக்குக் கொண்டுபோங்கள்

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குழுவின் தீர்மானத்தை அங்கே வாசித்து, கிராம சபைத் தீர்மானமாகவும் ஆக்கிவிட்டால் எடை இரட்டிப்பாகும். பள்ளியில் பிள்ளை இல்லாதவர்களும் ஊர்ப் பள்ளிக்குக் கை தூக்குவது அங்கேதான். ஊராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் நிர்வாகத்தில் உள்ள ஊர்களில் அவரிடமே தீர்மானத்தைக் கொடுங்கள்.

நகராமல் நின்றுபோனால்? மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள், முதலமைச்சருக்கு வரும் மனுக்களைக் கவனிக்கும் 'முதல்வரின் முகவரி' துறையின் உதவி எண் 1100, பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. அதற்கும் அசையாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, "எங்கள் குழு இன்ன தேதியில் கொடுத்த மனுவின் மீது எடுத்த நடவடிக்கையின் நகல்" என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். சண்டைக்காரர் என்று பெயர் வருமே என்ற தயக்கம் இருக்கும். குழுவின் பெயரால் முடிவெடுத்து ஒருவர் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் தனி ஆள் மீது பழி விழாது.

பணம்

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் ஆண்டு மானியம் உண்டு. 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம் என்பது விதி. இதில் குறைந்தது பத்து விழுக்காடு தூய்மைப் பணிக்கு. பணம் எப்போதும் நேரத்துக்கு வருவதில்லை. 2024–25இல் பி.எம். ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டம் பற்றிய தகராறில் ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்கான சுமார் 2,152 கோடியை நிறுத்தி வைத்ததும் நமக்குத் தெரியும். வந்த பணம் எவ்வளவு, எதற்குச் செலவானது, ரசீது எங்கே என்று கேட்பது குழுவின் சட்டக் கடமை. தலைமை ஆசிரியரைச் சந்தேகப்படுவதாக ஆகாது. நல்ல தலைமை ஆசிரியர்கள் இதை விரும்புவார்கள், தணிக்கையில் அவர்களுக்கும் அது பாதுகாப்பு.

பெரிய வேலைகளுக்கு நமக்கு நாமே திட்டத்தைப் பாருங்கள். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊர் கொடுத்தால் மீதியை அரசு போடும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் பகுதியில் ஐந்தில் ஒரு பங்கு போதும். மூன்று லட்ச ரூபாய்ச் சுற்றுச்சுவருக்கு ஊர் ஒரு லட்சம் திரட்டினால் போதும் என்றால், அதே ஒரு லட்சத்துக்கு நாற்காலி வாங்குவது நஷ்டம் இல்லையா? சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதிக்கும் மனு கொடுக்கலாம்.

வெளியூரில் இருக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் நிறுவனங்களுக்கும் நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி என்ற வழி 2022 டிசம்பர் 19 முதல் இருக்கிறது. பள்ளியின் தேவையை இணையதளத்தில் பதிய, விரும்பியவர் அதற்குக் கொடுப்பார். பள்ளி வளர்ச்சித் திட்டம் ஒழுங்காக இருந்தால் பாதி வேலை முடிந்தது போலத்தான். எந்த வழியில் வந்தாலும் ரொக்கமாக வாங்க வேண்டாம். வங்கி வழியாக வாங்குங்கள், ரசீது கொடுங்கள், பொருளாக வந்தால் இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள்.

சாதிச் சங்கப் பெயரோடு வரும் நன்கொடையை நான் குழுவில் இருந்தால் மறுப்பேன். பீரோவில் எழுதிய பெயரை நாலு வருஷம் பிள்ளைகள் படித்துக்கொண்டே இருப்பார்கள்.

ஆசிரியர் காலியிடம்

நிரந்தர ஆசிரியர் வரும்வரை தற்காலிகமாக நியமிக்கும் பொறுப்பு மேலாண்மைக் குழுவிடம் வருவதுண்டு. 2022இல் 13,331 இடங்களுக்கு அப்படி ஆணை வந்தது. அப்போது அறிவித்த மாத ஊதியம் இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுநிலைக்கு 12,000. அப்படி ஒரு வாய்ப்பு வரும்போது தகுதியை முதலில் எழுதி ஒட்டுங்கள், விண்ணப்பங்களை எல்லோர் முன்னும் பிரியுங்கள். உறுப்பினரின் உறவினர் விண்ணப்பித்திருந்தால் அந்த உறுப்பினர் அன்று விலகி உட்காரட்டும். தற்காலிக ஆசிரியர் வந்துவிட்டார் என்பதற்காக நிரந்தரப் பணியிடக் கோரிக்கையைத் தீர்மானத்திலிருந்து எடுத்துவிடக் கூடாது. தற்காலிகமே நிரந்தரமாகிவிடும்.

எல்லை எங்கே?

ஆசிரியர் நேரத்துக்கு வருகிறாரா, பிள்ளைக்கு வாசிக்க வருகிறதா, காலை உணவும் மதிய உணவும் ஒழுங்காக இருக்கிறதா என்று கேட்கலாம். வகுப்பு நடக்கும்போது உள்ளே புகுந்து எப்படிப் பாடம் நடத்த வேண்டும் என்று சொல்லக் கூடாது. ஓர் ஆசிரியர் மீது புகார் என்றால் பிள்ளைகள் முன் வைத்துக் கத்த வேண்டாம், தலைமை ஆசிரியர் அறையில் பேசி, தீராவிட்டால் எழுத்தில் வட்டாரக் கல்வி அலுவலருக்கு. அடிப்பது சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி தடை. "நாலு அடி போட்டாத்தான் படிப்பான் சார்" என்று பெற்றோரே சொல்வதையும் குழு ஏற்கக் கூடாது.

ஒரு விஷயத்தில் குழுவுக்குப் பேசித் தீர்க்கும் அதிகாரமே கிடையாது. பிள்ளை மீது பாலியல் தொல்லை என்று தெரிந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் மறைப்பது குற்றம். ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசுவது, பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று தள்ளிப்போடுவது, இரண்டும் கூடாது. உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098.

இரண்டு ஆண்டு முடியும்போது

பிள்ளை பள்ளியை முடித்துப் போனால் பெற்றோரின் உறுப்பினர் தகுதியும் போய்விடும். ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளியில் ஆண்டுதோறும் சிலர் இப்படி விலகுவார்கள். அதனால் முதல் கூட்டத்திலேயே ஒரு கோப்பு தொடங்குங்கள்: தீர்மான நகல்கள், முத்திரை வாங்கிய மனுக்கள், வளர்ச்சித் திட்டம், வரவு செலவு, நிலுவையில் உள்ளவை. ஒரு பிரதி பள்ளியில், ஒரு பிரதி தலைவரிடம். புதிய குழு அமையும் நாளில் பழைய தலைவர் அந்தக் கோப்பை எல்லோர் முன்னிலையிலும் கைமாற்றி, நிலுவைப் பட்டியலைப் பதிவேட்டின் முதல் தீர்மானமாக எழுத வைக்கட்டும். முன்னாள் மாணவருக்கான இடத்தில் முந்தைய குழுவின் வேலை தெரிந்த இளைஞர் ஒருவர் இருந்தால், எந்த மனு எந்த மேசையில் நிற்கிறது என்று புதிதாக வந்தவர்களுக்குச் சொல்ல ஆள் கிடைக்கும்.